என் ஹவில்தார் கிளார்க்கைப் பார்த்து ஏன் யாருக்கும் சிரிப்பு வரவில்லை? (போர் நையாண்டியில் பதவி ஆசையும் சொந்த லாபமும்)

#1 அல்சூர்வாசி

கதை 1944இல், பெங்களூர் தண்டில் (கன்டோன்மென்ட்) நடக்கிறது. ராணுவ உணவுக் கிடங்கில் ஒரு ஹவில்தார் கிளார்க். ஹவில்தாருக்கு மேலே உள்ள ஜமேதார் பதவி, அதுதான் அவருடைய ஒரே குறி. மேலதிகாரியைக் கண்டால் கூழைக்கும்பிடு, கீழே இருப்பவர்களிடம் அண்டப்புளுகு, மூட்டை தூக்கச் சொன்னால் முதுகுவலி. கடைசி அத்தியாயத்தில் அணிவகுப்பின்போது சேற்றில் விழுகிறார். மொத்தம் 9,000 சொற்கள். படித்தவர்கள் எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள். நையாண்டிக்கு ‘நல்லா இருக்கு’ என்று பதில் வந்தால் அது தோல்வி என்று தெரிகிறது. எங்கே பிசகு? தயங்காமல் சொல்லுங்கள்.

#2 தராசுமுள்

அவர் சேற்றில் விழவில்லை சார், நீங்கள் பிடித்துத் தள்ளியிருக்கிறீர்கள். அங்கேதான் பிசகு.

சுயநலக்காரனைக் கோமாளியாக்கினால் வாசகர் அவனைவிட உயரத்தில் ஏறி நின்றுகொள்வார். அப்புறம் எங்கிருந்து சிரிப்பு வரும்? அவன் செய்வது சரிதானோ என்று வாசகருக்கே ஒரு நொடி தோன்றவேண்டும். அதற்குக் குணச்சித்திரம் போதாது, கணக்கு வேண்டும்.

ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ (1961) நாவலில் மெஸ் அதிகாரி மைலோவின் முட்டைக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். மால்டாவில் முட்டை 7 சென்ட்டுக்கு வாங்கி, மெஸ்ஸுக்கு 5 சென்ட்டுக்கு விற்கிறான். முட்டைக்கு 2 சென்ட் நஷ்டம். ஆனாலும் லாபம் என்கிறான். எப்படி? சிசிலியில் 1 சென்ட்டுக்கு வாங்கியவனும் அவன்தான். அதை மால்டாவுக்குக் கொண்டுபோய் நாலேகால் சென்ட்டுக்கு விற்றவனும் அவன்தான், அங்கே அதை வாங்கி 7 சென்ட்டுக்கு விற்கிறவர்களும் அவன்தான். முதல் கையில் மூணேகால், இரண்டாவது கையில் இரண்டே முக்கால், ஆக 6. மெஸ்ஸில் விட்டது 2. மிச்சம் 4. நேராக 1 சென்ட்டுக்கு வாங்கி 5 சென்ட்டுக்கு விற்றாலும் இதே 4 தான். அப்படியானால் நடுவே மால்டா எதற்கு? மெஸ்ஸுக்கு விலை குறைவாகவும், சந்தைக்கு விலை ஏறியதாகவும், தனக்கு நஷ்டமாகவும் தெரியவேண்டுமே, அதற்கு. லாபத்தை ஒளித்துவைக்க ஒரு தீவு.

ஹெல்லர் மைலோவை எங்கேயும் சேற்றில் தள்ளவில்லை. கணக்குச் சரியாக வருகிறது, அதனால்தான் சிரிப்பு. உங்கள் ஹவில்தாருக்கு ஒரு மால்டா கண்டுபிடியுங்கள். 1944 பெங்களூரில் அது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. தண்டு, அதாவது சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன், பிரிட்டிஷ் நிர்வாகம். கப்பன் பார்க்கைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். 1947 வரை இரண்டும் ஒன்றாகவில்லை. ஒரே சாலையில் இரண்டு அரசாங்கம் இருந்தால் கிளார்க்குக்கு வேறென்ன வேண்டும்?

#3 கூழ்ப்பானை

கணக்கு ஒரு வழி. நம்மிடம் இன்னொரு வழியும் இருக்கிறது: பொருள்.

கலிங்கத்துப்பரணியில் தோற்று ஓடும் கலிங்க வீரர்கள் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயங்கொண்டார் அவர்களைக் கோழைகள் என்று திட்டிப் பக்கம் நிரப்பவில்லை. ஒவ்வொருவன் கையிலும் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஒருவன் வில்லின் நாணை மடித்து மார்பில் போட்டுக்கொண்டு, கங்கையாடப் போகிற வழியில் சிக்கிவிட்டோம் என்று முப்புரி நூல்காரன் ஆகிறான். ஒருவன் யானைமணியைத் தாளமாகப் பிடித்து, நாங்கள் தெலுங்கர், பாணர் என்று கும்பிடுகிறான். புதர்களில் ஓடி இடுப்புத்துணி போய், தலைமயிரும் பிய்ந்துபோன கூட்டம் அமணர் என்று சொல்லித் தப்புகிறது. கலிங்கம் என்றால் துணி, அதை இழந்தவர்கள் கலிங்கர் என்ற சிலேடையையும் அங்கே வைத்துத் தைத்திருக்கிறார்.

நாண் அம்பு விடுவதற்கு. மணி யானை வருவதை அறிவிப்பதற்கு. போருக்கு என்று செய்த பொருள் உயிர் பிழைக்கும் பொருளாக மாறுகிற நொடியில் ஒரு வார்த்தை வசைகூட இல்லாமல் நையாண்டி முடிந்துவிடுகிறது.

பெர்னார்ட் ஷா 1894இல் மேடையேற்றிய ‘ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்’ நாடகத்திலும் இதுதான். செர்பிய–பல்கேரியப் போரில் கூலிப்படை அதிகாரி ஒருவன் தோட்டாவுக்குப் பதில் சாக்லேட் எடுத்துப்போகிறான். தோட்டாப் பையில் சாக்லேட் என்றதுமே ஆள் முழுசாகத் தெரிந்துவிடுகிறான்.

உங்கள் 9,000 சொற்களில் ஹவில்தார் கையில் என்ன இருக்கிறது? முதுகுவலி மட்டும்தானே.

#4 நாலாம்வரிசை

தமிழில் சிப்பாய் என்றாலே செஞ்சோற்றுக் கடன். உங்கள் ஆளுக்குக் கடன் இல்லை, சோறே அவர் லெட்ஜரில்தான். தலைப்பாவது கிடைத்துவிட்டது உங்களுக்கு.

#5 மர்ஃபிடவுன்_மணி

கூழ்ப்பானை அக்காவுடன் ஒரு இடத்தில் மோதவேண்டியிருக்கிறது. பரணியில் ஓடுகிறவன் உயிருக்காக ஓடுகிறான். அல்சூர்வாசியின் ஹவில்தார் பதவிக்காக அலைகிறார். இரண்டும் சுயநலம்தான், ஆனால் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. நல்ல போர் நையாண்டி இரண்டையும் ஒன்றோடொன்று முட்டவிடும். ஒருவன் ஆசையின் விலையை இன்னொருவன் உயிரால் கட்டுவான்.

‘கேட்ச்-22’இல் கர்னல் காத்கார்ட்டுக்கு வயது 36. முப்பத்தாறிலேயே முழுக் கர்னல் என்று பூரிப்பு, முப்பத்தாறாகியும் வெறும் கர்னல்தானே என்று புழுக்கம். ஜெனரல் ஆகவேண்டும், பத்திரிகையில் படம் வரவேண்டும். அதற்கு அவரிடம் இருக்கும் ஒரே நாணயம், தன் ஆட்கள் பறக்கவேண்டிய தாக்குதல்களின் எண்ணிக்கை. வீட்டுக்குப் போகலாம் என்று ஒருவன் பெட்டியைக் கட்டும்போதெல்லாம் எண் ஐந்தைந்தாக ஏறுகிறது. நாவல் முடியும்போது 80. (ஹெல்லர் தானே குண்டுவீச்சு விமானத்தில் 60 முறை பறந்தவர். எண் ஏறுவது எப்படி உறைக்கும் என்று அவருக்குத் தெரியும்.)

எழுதுகிறவர் இதில் பார்க்கவேண்டியது, ஆசை ஒரே ஒரு எண்ணாக இருக்கிறது, அந்த எண் நகர்கிறது. ஹவில்தாரின் ஆசை நகரவே இல்லை. முதல் பக்கத்திலும் ஜமேதார், கடைசிப் பக்கத்திலும் ஜமேதார்.

ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் இன்னும் அப்பட்டம். ஆள்சேர்க்க அரசன் கொடுத்த அதிகாரத்தை வைத்து, பணம் கட்டி விலகக்கூடிய வசதிக்காரர்களாகப் பார்த்துப் பிடிக்கிறான். 150 பேருக்குப் பதில் 300 பவுண்டுக்கு மேல் கையில். கடைசியில் படையில் மிஞ்சுவது சட்டைகூட இல்லாத கூட்டம். அந்தக் கூட்டம்தான் போர்க்களத்துக்குப் போகிறது.

#6 கோத்சாவி

1944 என்கிறீர்கள். விவரம் சரியாக இருக்கட்டும்.

கிடங்கு நடத்தியது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். சிப்பாய், நாயக், ஹவில்தார் வரை ஒரு படி. அதற்கு மேல் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இவர்கள் வைஸ்ராய் கமிஷன் பெற்ற அதிகாரிகள், கூப்பிடுவது ‘சாப்’. ஹவில்தாருக்கும் ஜமேதாருக்கும் நடுவில் இருப்பது ஒரு படி அல்ல, ஒரு சுவர். அதனால் அந்த ஆசை நியாயமானதுதான், கேலிக்கு உரியதாகத் தொடங்கவேண்டாம். அதற்கு மேலும் ஏணி உண்டு. நெடுநாள் நற்பணிக்கு ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா. இரண்டாம் வகுப்பு கிடைத்தால் பெயருக்குப் பின்னால் ‘பகதூர்’, முதல் வகுப்பு என்றால் ‘சர்தார் பகதூர்’. வீர மானியமாக ஜங்கி இனாமும் இருந்தது. ஊரில் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க இதைவிட என்ன வேண்டும்?

நையாண்டி ஒளிந்திருக்கும் இடம் வேறு. வைஸ்ராய் கமிஷன் அதிகாரிக்கு இந்தியச் சிப்பாய்கள்மேல் மட்டும்தான் அதிகாரம். பிரிட்டிஷ் படையின் நேற்று வந்த சிப்பாய்மேலும் அது செல்லாது. இருபது வருடம் ஏறி உச்சியை அடைகிறவர், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய பையனை ‘நில்’ என்று சொல்லமுடியாது. உங்கள் கதையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்னொன்று. ஹவில்தாருடன் அல்சூர் மெட்ராஸ் சாப்பர்களை (ராணுவப் பொறியியல் படையினர்) பேசவிட்டால் அவர்களைத் ‘தம்பி’ என்றே அழையுங்கள். படையில் அவர்களுக்கு அதுதான் பெயர். தன்னைவிட மூத்தவரையும் ஹவில்தார் தம்பி என்று கூப்பிடவேண்டி வரும், அது உங்களுக்கு இலவசம்.

#7 அல்சூர்வாசி

சாக்லேட், நாண், முட்டை. புரிகிறது. ஆனால் என் ஆளிடம் இருப்பது அரிசி மூட்டை. அரிசியை வைத்து மைலோ மாதிரி என்ன செய்யமுடியும்? திருடி விற்பது என்றால் வெறும் திருட்டாகத்தானே போய்விடும்?

#8 தராசுமுள்

திருடவே வேண்டாம். அரிசி தானாகவே எடை மாறும் பொருள். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து எடை கூடும், பிப்ரவரி, மார்ச் வெயிலில் காய்ந்து குறையும். கிடங்குக்காரர்களுக்கு இது தெரியும் என்பதால் காய்வு, எலி, சிந்தல் எல்லாவற்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று எடைக்குறைவு அனுமதிப்பார்கள். கதைக்கு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. மே மாதம் 100 மூட்டை வருகிறது, மூட்டைக்கு 2 மணங்கு. மணங்குக்கு 40 சேர் என்றால் மூட்டைக்கு 80, மொத்தம் 8,000 சேர். செப்டம்பருக்குள் ஈரம் ஏறி 8,080 ஆகிறது. அதே செப்டம்பரில் ஹவில்தார் லெட்ஜரில் ‘காய்வு 80 சேர்’ என்று எழுதுகிறார். சட்டப்படி முழு அனுமதி. ஏட்டில் 7,920, தராசில் 8,080. இடையில் 160 சேர், அதாவது இரண்டு மூட்டை, யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. அவர் திருடவில்லை. மழை கொடுத்தது.

அடுத்த சிக்கல், இரண்டு மூட்டையைத் தூக்கினால் எண்ணிக்கை 98 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் 1.6 சேர் எடுக்கவேண்டும், வாய்த்தையலைப் பிரிக்கவும் கூடாது. மண்டிக்காரர்கள் மாதிரி பார்க்கும் குத்தூசி இருக்கிறதே, நடுவில் பள்ளமான இரும்பு, அதுதான் வழி. ஒரு குத்துக்கு அரைக்கால் சேர் வரும் என்றால் மூட்டைக்கு 13 குத்து. நூறு மூட்டைக்கு 1,300 குத்து. ஒவ்வொரு குத்துக்கும் பிறகு சணல் இழையைக் கட்டைவிரலால் தேய்த்து ஓட்டையை மூடவேண்டும், இல்லையென்றால் அரிசி வழிந்து காட்டிக்கொடுக்கும். முதுகுவலி என்று மூட்டை தூக்க மறுத்தவர் ராத்திரி முழுக்க 1,300 தடவை குனிந்து நிமிர்கிறார். உங்கள் முதுகுவலிக்கு இப்போது வேலை வந்துவிட்டது, எடுத்துவிடாதீர்கள்.

இதில் தவறு எங்கே நேரும்? மார்ச்சில். அப்போது அரிசி நிஜமாகவே காய்கிறது. மழைக்கால எடையில் நூற்றுக்கு இரண்டு இறங்கினால் 7,920 என்பது ஏறக்குறைய 7,760 ஆகும். காய்வுக்கான அனுமதியைச் செப்டம்பரிலேயே எழுதித் தீர்த்தாயிற்று. வருடாந்திரக் கணக்கெடுப்பில் 160 சேர் பற்றாக்குறை. இந்தத் தடவை அவர் ஒரு மணியும் எடுக்கவில்லை. ‘காய்ந்துவிட்டது ஐயா’ என்று உண்மையைச் சொல்லலாம், ஆனால் அந்த உண்மையை அவரே ஆறு மாதம் முன்னால் பொய்யாகப் பயன்படுத்திவிட்டார்.

#9 நாலாம்வரிசை

தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்தினால் எடை ஏறாதா?

#10 தராசுமுள்

ஏறும். பல கிடங்குகளில் செய்கிற வேலைதான். ஆனால் அடி வரிசை மூட்டை முதலில் ஈரம் குடித்துக் கட்டிதட்டும், பூஞ்சை வாடை வரும், வண்டு பெருகும். ஆடிட்டருக்குத் தராசு வேண்டாம், மூக்கே போதும். மேல் வரிசைக்கு ஈரம் போய்ச்சேர நாளாகும். கணக்கெடுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாளி வைத்துப் பயனில்லை. அவர் வைப்பார் என்பதுதான் கதை.

#11 கூழ்ப்பானை

குத்தூசி! அதைக் கேட்டேன், அதைவிட நல்லதாகக் கிடைத்துவிட்டது. கலப்படம் பிடிக்கச் செய்த கருவி.

ஒரே எச்சரிக்கை. 1943இல் வங்காளத்தில் பஞ்சம், லட்சக்கணக்கில் சாவு. 1944இல் அரிசியை வைத்துச் சிரிக்கவைக்கும் கதையில் அந்த நிழல் விழாமல் இருக்கமுடியாது. விழவைக்கவேண்டாம் என்று நினைத்தால் வருடத்தை மாற்றுங்கள். மைலோவை எடுத்துக்கொள்ளுங்களேன், உயிர்காப்பு அங்கியை ஊதவைக்கும் வாயு உருளைகளை எடுத்து அதிகாரிகள் மெஸ்ஸில் ஐஸ்கிரீம் சோடா போடுகிறான். படிக்கும்போது சிரிப்பு. கடலில் விழுந்தவன் அங்கியின் கயிற்றை இழுக்கும்போது தொண்டை அடைக்கும். மணி சொன்ன விலை இதுதான். அந்த 160 சேர் யாருடைய தட்டில் குறைந்தது என்று கதை முழுக்க ஒரு இடத்திலாவது காட்டுங்கள், பிரசங்கம் இல்லாமல்.

#12 மர்ஃபிடவுன்_மணி

பதவி ஆசைக்கு இன்னொன்று தேவை, பார்க்கிற கண். இதற்கு முன்மாதிரி நம் ஊரிலேயே இருந்தவர். 1896இல் நான்காவது ஹுஸ்ஸார்ஸ் படையோடு பெங்களூருக்கு வந்த லெப்டினென்ட் வின்ஸ்டன் சர்ச்சில். பெங்களூர் க்ளப்பின் பழைய பேரேட்டில் அவர் பெயருக்கு நேராக வராத பாக்கி 13 ரூபாய் இன்னமும் இருக்கிறது என்பதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட 1897 பிடிக்கும். வடமேற்கே மலாகண்ட் எல்லையில் சண்டை என்றதும் விடுப்பு வாங்கி, 2,028 மைல் ரயிலில் நவ்ஷேரா போகிறார். படையில் இடமில்லை, ஆகவே பத்திரிகை நிருபராக. ‘டெய்லி டெலிகிராஃப்’ பத்திக்கு 5 பவுண்ட் கொடுத்தது, அது குறைவு என்று குறை. குண்டு பறக்கும்போது எல்லாரும் தரையில் படுக்க, இவர் வெளிறிய மட்டக்குதிரையில் வரிசை நெடுகப் போகிறார். பார்க்க ஆள் இருந்தால் எந்தத் துணிச்சலும் செய்வேன் என்ற பொருளில் அம்மாவுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் புத்தகமும் வந்துவிட்டது.

அவர் கோழையல்ல, அது முக்கியம். வீரம் உண்மை, கணக்கும் உண்மை. உங்கள் ஹவில்தாரும் ஒரு விஷயத்தில் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருக்கட்டும்: கணக்கு. அவரைப் பார்த்து வியக்கிற ஒரே கண் ஆடிட்டருடையதாக இருக்கட்டும்.

#13 கோத்சாவி

இன்றைய காலத்துக்கு நகர்த்த யோசிப்பவர்களுக்கு ஒரு வரி. லெப்டினென்ட் கர்னல் வரை இப்போது காலக்கணக்கில் கிடைக்கிறது, 2004க்குப் பிறகு 13 வருடம். அதற்கு மேல் தேர்வுக்குழு, மூன்று அதிகாரிகள் கைமாறும் ரகசிய அறிக்கை. ஆகவே பதவி ஆசையை மேஜரிடம் வைத்தால் பொருந்தாது, கர்னலாகத் துடிப்பவரிடம் வையுங்கள். ஜேசிஓக்கள் (அன்றைய ஜமேதார், சுபேதார்களின் இன்றைய வரிசை) பக்கம் என்றால் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 கௌரவ லெப்டினென்ட் பட்டியல். ஆனால் நிஜம் உங்களை முந்திவிடும். விருதுக்காகத் தக்காளி கெச்சப் பூசிப் பிணமாகப் படுக்கவைத்துப் படம் எடுத்த வழக்கு அஸ்ஸாமில் நடந்து, கோர்ட் மார்ஷல் வரை போனது. இதைக் கதையில் எழுதினால் மிகை என்பார்கள்.

#14 அல்சூர்வாசி

புதிதாக எழுதிப் பார்த்தேன். சேறு போய்விட்டது.

> கிடங்கில் ஹரிக்கேன் விளக்கு ஒன்றுதான். ஹவில்தார் சாக்கின் வயிற்றில் குத்தூசியை இறக்கி, சாய்த்து, அரிசி சரசரவென்று வாளியில் விழுவதைக் காதால் எண்ணினார். பதினொன்று. பன்னிரண்டு. கட்டைவிரலால் சணலைத் தேய்த்தார். ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை.
>
> “நாற்பத்தேழாவது மூட்டை, 75 கிலோ, சரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.
>
> வாசலில் நின்ற தம்பி, “சாப், உதவிக்கு வரட்டுமா?” என்றான். இன்னும் ஜமேதார் ஆகவில்லை என்று அவர் திருத்தவில்லை.
>
> “முதுகு வலிக்குதுடா. நீ போய்ப் படு.”

மார்ச்சில் 160 சேரை எங்கிருந்து ஈடுகட்டுவார் என்பதில்தான் நிற்கிறேன். விற்ற ரஸ்ஸல் மார்க்கெட் வியாபாரியிடமே இரட்டை விலைக்குத் திருப்பி வாங்குகிறார் என்று வைக்கலாமா?

#15 கோத்சாவி

‘சாப்’ இடம் நன்று. ரஸ்ஸல் மார்க்கெட் 1927இலேயே வந்துவிட்டது, பிரச்சினை இல்லை. ஆனால் 75 கிலோ? இங்கே மெட்ரிக் எடை 1958 அக்டோபருக்குப் பிறகுதான். 80 சேர் என்று மாற்றுங்கள்.

#16 தராசுமுள்

சேர் என்று எழுதும்போது எந்தச் சேர் என்றும் யோசியுங்கள். சர்க்கார் சேர் 80 தோலா. இந்தப் பக்கத்துச் சந்தையில் 24 தோலாவில் கச்சா சேர் ஒன்றும் புழங்கியது. வியாபாரி பொய் சொல்லவேண்டியதில்லை.

#17 அல்சூர்வாசி

160 கச்சா சேர் × 24 ÷ 80 = 48 பக்கா (சர்க்கார்) சேர்.

இரட்டை விலை கொடுத்தும் 112 சேர் குறைகிறது. வியாபாரியிடம் ரசீதும் இருக்கிறது, ‘அரிசி 160 சேர்’ என்று.